சாவி சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: பழைய பொம்மையை அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பரணிலிருந்து இறங்கிய பொம்மை கைக்கு வந்ததும் திருப்புளியைத் தேடுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு சின்ன வார்ப்பு லாரியின் அச்சில் துரு பிடித்திருந்தது. துருவுக்கு வினிகர் நல்லது என்று கேள்விப்பட்டு, லாரியை அப்படியே கிண்ணத்தில் முக்கி ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் அச்சு பளபளவென்று இருந்தது. லாரியின் உடம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது. அச்சு இரும்பு, உடம்பு துத்தநாகக் கலவை. அமிலம் துத்தநாகத்தை அரித்துவிடும். எது எந்த உலோகம் என்று பார்க்க அரை நிமிடம் போதும்; அந்த அரை நிமிடத்தை நான் செலவு செய்யவில்லை.

அதனால் எந்த அறிகுறியோடு வந்தாலும் முதல் வேலை ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பது. ஒட்டினால் தகரம் அல்லது இரும்பு. ஒட்டாமல், கையில் கனமாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். மிகப் பழைய, மெல்லிய, பளபளக்கும் பிளாஸ்டிக் என்றால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அதைச் செய்யும்போது உண்மையாகவே கற்பூரம் சேர்ப்பார்கள். அது தீயைக் கண்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும், அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பெயிண்ட். பழைய பொம்மைப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே பொம்மைகளில் ஈயப் பெயிண்டுக்குத் தடை வந்தது 1978-இல்தான். உலர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கி எறியுங்கள். அழகாகிவிட்டதே என்று பொம்மையைக் குழந்தை கையில் கொடுக்கவும் வேண்டாம். அது அலமாரிக்குத்தான்.

இன்னொன்று. அசல் பெயிண்ட் பாதிக்கு மேல் இருக்கும் அரிய பொம்மைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு ஏறாது, இறங்கும். பொம்மை ஓட வேண்டுமா, புதிதாகத் தெரிய வேண்டுமா என்பது இரண்டு தனித்தனி வேலை. எனக்கு ஓடினால் போதும்.

சாவி எவ்வளவு சுற்றினாலும் இறுகவில்லை

சாவி கொடுக்கும் பொம்மைகளில் சுருள் ஸ்பிரிங்கின் உள்முனை சாவித் தண்டில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். வெளிமுனை சட்டத்தின் ஒரு தூணில் மாட்டியிருக்கும். இரண்டில் ஒன்று விடுபட்டால் சாவி எதிர்ப்பே இல்லாமல் சுற்றும். எந்த முனை என்று கண்டுபிடிக்கச் சாவியை மெதுவாகத் திருப்பி, டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். தண்டு மட்டும் சுற்றி ஸ்பிரிங் அசையாமல் இருந்தால் உள்முனை. ஸ்பிரிங் முழுவதும் தண்டோடு சேர்ந்து சுற்றினால் வெளிமுனை.

கழன்றிருந்தால் மூக்குக் குறடால் திரும்ப மாட்டிவிடலாம். உள்முனையின் முதல் சுற்று விரிந்து கொக்கியைப் பிடிக்காமல் போயிருந்தால், அந்தச் சுற்றைத் தண்டை ஒட்டிச் சற்று இறுக்கி வளைத்தாலே போதும். ஒடிந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. ஒடிந்த முனையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் தீயில் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கக் கூடாது. முக்கினால் மறுபடி விறைத்து வளைக்கும்போது ஒடியும். ஆறியதும் அந்த முனை மிருதுவாகிவிடும், துளை போடவோ வளைக்கவோ இடம் கொடுக்கும். காய்ச்சிய பகுதி ஸ்பிரிங்காக வேலை செய்யாது என்பதால் நீளமாகக் காய்ச்ச வேண்டாம். ஸ்பிரிங் ஒரு சுற்று குறைந்தாலும் பொம்மை ஓடும், ஓடும் நேரம்தான் கொஞ்சம் குறையும்.

ஸ்பிரிங் நடுவில் ஒடிந்திருந்தால் அதே அகலமும் அதே தடிமனும் உள்ள வேறொன்றைத் தேடுங்கள். தடித்ததைப் போட்டால் பல்சக்கரத்தின் பல் போகும்.

சாவி அசையவே இல்லை

“யாரோ அதிகமாகச் சாவி கொடுத்துவிட்டார்கள்” என்று உடனே சொல்வார்கள். அதிகமாகச் சாவி கொடுத்து ஸ்பிரிங் கெட்டுப்போவது என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது. கடைசிச் சுற்றுக்கு மேல் அது இறுகாது, அவ்வளவுதான். முழுக்க இறுகிய ஸ்பிரிங் அவிழ முடியாமல் நிற்கிறது என்பதே உண்மை. தடுப்பது பல்சக்கரங்களுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. முக்கால்வாசி நேரம் அது காய்ந்துபோன பழைய எண்ணெய். பசை மாதிரி இறுகி, பழுப்பாக இருக்கும்.

சக்கரத்தை விரலால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துளி அசைவு இருந்தாலும் நல்ல செய்தி. மண்ணெண்ணெயில் தோய்த்த சின்னத் தூரிகையால் ஒவ்வொரு தண்டின் இரு முனைகளையும் நனைத்து, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி அசையுங்கள். அச்சடித்த தகரத்தில் மண்ணெண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவது நல்லது. இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் “கர்ர்” என்று உயிர் வரும். முதல் முறை ஓடவிடும்போது சக்கரத்தை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடவிடுங்கள். பல வருடம் இறுகிக் கிடந்த சக்தி ஒரே மூச்சில் வெளியே வந்தால் தேய்ந்த பல் உதிரும்.

சுத்தமானதும் எண்ணெய். ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு துளி, அவ்வளவுதான். தையல் எந்திர எண்ணெய் மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். பல்லின் மேல் எண்ணெய் வைத்தால் தூசி ஒட்டி மறுபடி பசையாகும். சமையல் எண்ணெய், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம்; முன்பு இறுகியதே பல வீட்டில் அந்த எண்ணெயால்தான். டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே இறுகியதை இளக்கும், ஈரத்தை விரட்டும், ஆனால் நாள்பட நின்று வழவழப்புத் தராது. அதை அடித்து ஓடவைத்தவர்கள் அதன் பிறகு எண்ணெயும் போட வேண்டும்.

எதையாவது கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கின் சக்தியை இறக்கியே ஆக வேண்டும். பொம்மை தானாக ஓடித் தீர்ந்தால் பிரச்சினை இல்லை. ஓடவில்லையென்றால் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடைதாங்கியை (சாவி பின்னால் திரும்பாமல் தடுக்கும் சின்ன நாக்கு) திருப்புளி முனையால் விலக்கி, அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்குங்கள். கண்ணாடியும் கனமான கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இறுகிய ஸ்பிரிங் சட்டத்திலிருந்து தப்பினால் விரலைக் கிழித்துவிடும். சும்மா பயமுறுத்தவில்லை.

சாவியை விட்டதும் விர்ரென்று திரும்பி விரலில் அடிக்கிறது

அந்த நாக்கு வேலை செய்யவில்லை. அதைத் தள்ளிப் பிடிக்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் வளைந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். நாக்கின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தால் நுண் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கூராக்கலாம். அதிகம் தேய்த்தால் நாக்கு பல்லை எட்டாது.

சாவி கொடுத்ததும் இரண்டே நொடியில் ஓடித் தீர்ந்துவிடுகிறது

வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் விலகியிருக்கிறது. பல பொம்மைகளில் அது ஒரு சின்ன நங்கூரம் மாதிரி இருக்கும். நட்சத்திரச் சக்கரத்தின் பற்களில் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டே போகும். அந்தக் கரகர சத்தம் இல்லையென்றால் நங்கூரம் பல்லைத் தொடவில்லை. அதைத் தாங்கும் தகரத் துண்டை மயிரிழை அளவு உள்ளே வளைத்தால் சரியாகும். மயிரிழைதான், அதற்கு மேல் வளைத்தால் நின்றே போய்விடும்.

கையில் தூக்கினால் ஓடுகிறது, தரையில் வைத்தால் நின்றுவிடுகிறது

முதலில் அச்சைப் பாருங்கள். தலைமுடியும் கம்பள நூலும் அச்சில் சுற்றிச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கயிறு மாதிரி இறுகியிருக்கும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த பழுதுகளில் இதற்குத்தான் முதலிடம். கூரான பிளேடால் குறுக்கே வெட்டி, சாமணத்தால் உருவிவிடலாம்.

அதுவும் இல்லையென்றால் ஓட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அச்சைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க, அச்சு மட்டும் சுழன்றால் சக்கரம் அச்சில் தளர்ந்திருக்கிறது. தகரச் சக்கரமானால் உள்பக்கம் ஒரு பொட்டு எப்பாக்சி (இரண்டு குழாயிலிருந்து கலந்து பூசும் பசை) வையுங்கள். மூன்றாவது சாத்தியம், ரப்பர் டயர் காய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்குவது. டயரின் மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிடிப்பு வரும்.

உள்ளே விர்ரென்று சத்தம், சக்கரம் மட்டும் சுற்றவில்லை

தள்ளிவிட்டால் ஓடும் வண்டி, பேட்டரி வண்டி, இரண்டிலும் இது வரும். முதல் வகையில் உள்ளே கனமான இரும்பு வட்டு ஒன்று வேகமாகச் சுழலும். சத்தம் வந்தால் வட்டு சுழல்கிறது, சக்தி சக்கரத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். பல்சக்கரம் தண்டில் தளர்ந்திருக்கும், அல்லது தண்டு நகர்ந்து பல் பல்லைத் தொடாமல் இருக்கும்.

பேட்டரி வண்டியில் சந்தேகப்பட வேண்டியது மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம். இரும்புத் தண்டில் இறுக்கி அடித்த பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கும், தண்டு சுருங்காது. ஆகவே பல்சக்கரம் நெடுக்காகப் பிளந்துவிடும். வண்டி சுற்றுக்கு ஒருமுறை “டிக், டிக்” என்று தட்டிக்கொண்டே போனால் பிளவு வந்துவிட்டது என்று பொருள். பிளந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடியதால் வரும் சத்தம் அது. பசை ஊற்றி ஒட்டுவது நாலு நாள் தாங்கும். பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், தண்டின் தடிமன் மூன்றையும் அளந்து அதேபோல் ஒன்றைப் போடுவதுதான் சரியான வழி.

பேட்டரி போட்டும் உயிரே இல்லை

மோட்டார் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மோட்டார் பெரும்பாலும் நிரபராதி.

பேட்டரி அறையில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம். அதை வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்து முறிக்கலாம். பழைய துத்தநாகக் கார்பன் பேட்டரி கசிந்தால் அது அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எது கசிந்தது என்று பேட்டரியின் உறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். இங்கும் வினிகரை ஊற்ற வேண்டாம், தொட்டுத் துடைத்தால் போதும். என் லாரி ஞாபகம் இருக்கட்டும்.

தகடுகள் பளிச்சென்று ஆனபின்னும் ஓடவில்லையா? இரண்டு துண்டு வயரை எடுத்து, பொம்மைக்குரிய மின்னழுத்தத்தை நேராக மோட்டார் முனைகளில் கொடுங்கள். இரண்டு பேட்டரி தொடர்ச்சியாகப் போடும் பொம்மைக்கு 3 வோல்ட். “சும்மா பார்க்கலாமே” என்று 9 வோல்ட் பேட்டரியை வைக்காதீர்கள். மோட்டார் சுழன்றால் பழுது வழியில் இருக்கிறது: தகடு, சுவிட்ச், வயர். மல்டிமீட்டரை வைத்துப் பேட்டரியிலிருந்து மோட்டார்வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துப் போனால் வோல்ட் காணாமல் போகும் இடம் தெரிந்துவிடும்.

வயரில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வெளியே உறை நன்றாகத் தெரியும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். கசிவு வயருக்குள்ளேயே ஏறிப்போயிருக்கும். கறுத்த செம்பில் சால்டரிங் ஒட்டவே ஒட்டாது, உருண்டு உருண்டு விழும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். தெரியவே இல்லையென்றால் வயரையே மாற்றுங்கள்.

நேராகக் கொடுத்தும் மோட்டார் சுழலவில்லையென்றால் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் இரு முனைத் தாங்கிகளிலும் ஒரு துளி எண்ணெய். எளிதாகச் சுழன்றும் மின்சாரத்துக்கு அசையவில்லையென்றால் கம்யூட்டேட்டரில் (தண்டோடு சேர்ந்து சுழன்று சுருளுக்கு மின்சாரம் வாங்கித் தரும் செம்பு வளையம்) கருப்பு படிந்திருக்கும். மோட்டாரின் பக்கத் துளை வழியாக ஒன்றிரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, கையால் ஐம்பது அறுபது சுற்று சுழற்றி, முழுக்கக் காய்ந்தபின் மின்சாரம் கொடுங்கள். ஈரத்தோடு கொடுத்தால் உள்ளே எழும் பொறிக்கு அந்த ஆல்கஹால் தீனியாகும்.

தகரத்தில் துரு, ஒடிந்த காது

தகரப் பொம்மையின் படம் பெயிண்ட் இல்லை, அச்சடித்தது. தட்டையான தகட்டில் முதலில் அச்சடித்து, அப்புறம் வெட்டி வளைப்பார்கள். அதனால் போன படம் போனதுதான். துரு நீக்கும் கரைசலில் முக்கினால் மிச்சப் படமும் போகும். துரு உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்டு, மிக நுண்ணிய ஸ்டீல் கம்பளியால் (நான்கு சுழியம் போட்டது) இரண்டு விரல் பாரத்தில் தேய்த்து, துடைத்து, கடைசியில் மெழுகு பூசுங்கள். பழுப்புப் புள்ளி கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும்.

இரண்டு பாதிகளைப் பிணைக்கும் தகரக் காதுகளைப் பலமுறை வளைக்க முடியாது. ஒவ்வொரு வளைப்பிலும் உலோகம் விறைக்கும், மூன்றாவது நாலாவது முறையில் ஒடியும். அதனால் எல்லாவற்றையும் நிமிர்த்தாமல், வெளியே எடுக்கத் தேவையான அளவு மட்டும் நிமிர்த்துங்கள். ஒடிந்துவிட்டால் உள்பக்கமாகப் புதுத் தகரத் துண்டை எப்பாக்சியால் ஒட்டுங்கள். ஈயப் பற்று வைத்தால் உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் மறுபக்கத்துப் படம் கருகிவிடும்.

வார்ப்பு உடம்பு வீங்குகிறது, மயிர்க்கோடாக விரிகிறது

இதற்கு மருந்து இல்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். ஈரம் பட்டால் வேகம் கூடும். உடம்பு வீங்கி, வளைந்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். 1930-களின் வார்ப்புப் பொம்மைகளில், பிரிட்டனின் டிங்கி நிறுவன வண்டிகள் உட்பட, இது சாதாரணம். பிறகு துத்தநாகத்தைச் சுத்தமாக்கினார்கள், இந்த நோய் அரிதாயிற்று.

வெறும் மேல் அரிப்பா, உள்நோயா என்று பிரித்தறிய வேண்டும். பெயிண்ட் கொப்புளத்தை நகத்தால் எடுங்கள். கீழே வெள்ளைப் பொடியும் அடியில் வழவழப்பான உலோகமும் இருந்தால் மேல் அரிப்புதான், துடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். கோடுகோடாக விரிசல் இருந்தால் நோய். பக்கத்துப் பொம்மைக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம். ஆனால் சக்கரத்தையோ அடித்தட்டையோ நெம்பிக் கழற்றாதீர்கள், கையோடு வந்துவிடும். ஈரமில்லாத இடத்தில் வைத்து, இருக்கும்வரை பாருங்கள்.

நோயில்லாத வார்ப்பு வண்டியைப் பிரிக்க வேண்டுமானால் அடித்தட்டில் காளான் தலை மாதிரி இருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்து நீக்குங்கள், தூணை விட்டுவையுங்கள். தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 (2 மி.மீ. திருகாணிக்குரிய) மரை வெட்டினால் சின்னத் திருகாணியால் திரும்ப மூடலாம். பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடா வேண்டாம். அதுவும் துத்தநாகத்தை விடாது.

புதுப் பெயிண்ட் சரியாக வரவில்லை

பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்றில் ஈரம் அதிகம்; மழை நாளில் அடிக்காதீர்கள். மீன்கண் மாதிரி வட்டவட்டமாக ஒதுங்கினால் கீழே எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ மிச்சம், துடைத்து ஆரம்பத்திலிருந்து. ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தால் தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், துளிகள் பாதி காய்ந்து வந்து விழுந்திருக்கின்றன. சுருங்கி மடிந்தால் முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது இரண்டாவதை அடித்திருக்கிறீர்கள். முகர்ந்து பாருங்கள், பெயிண்ட் வாசனை இருக்கும்வரை அது காயவில்லை. பள்ளத்துக்குப் பட்டி பார்ப்பவர்கள் மெல்லிதாக, பலமுறை. தடியாக அப்பினால் சுருங்கி வெடிக்கும்.

பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது, பொம்மை உடம்பு பிசுபிசுக்கிறது

மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைக்கும் முறை இருக்கிறது. வெளுக்கும், உண்மை. சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம், சமமாகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். எனக்கு அந்த மஞ்சள் பிடித்திருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

பிசுபிசுப்பு பிவிசியை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் வெளியே கசிவது. சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மறுபடி வரும், மறுபடி கழுவுங்கள். முக்கியமாக அதை வேறு பிளாஸ்டிக்கோடு ஒட்டி வைக்காதீர்கள். மிருதுவான டயர் பல வருடம் தொட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சக்கரம் உருகிப் பள்ளமாகிப் போவது இதனால்தான்.

எல்லாம் ஓடுகிறது, மேஜையில் ஒரு வாஷர் மிச்சம்

“ஓடுகிறதே, விடு” என்று டப்பாவில் போடத் தோன்றும். வாஷரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வட்டமாகத் தேய்ந்து பளபளத்தால் அது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்தது. நாலு சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டினால் எது அதிகம் ஆடுகிறதோ அங்கே போக வேண்டும். இரு பக்கமும் தேயாமல் கறுப்பாக இருந்தால் திருகாணிக்கு அடியில் இருந்தது. பிரிக்கும்போது எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தத் திருகாணி என்பதும் கிடைக்கும். போட்டோ எடுக்கவில்லையென்றால், நல்ல துணியை விரித்து, மறுபடி கழற்ற வேண்டியதுதான்.